இரண்டாவது வூஃபர் வாங்கும் முன் சோபாவை நகர்த்துங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனி வீடு. ஹால் 16க்கு 11 அடி, உயரம் 10 அடி. காருக்கான 12 இஞ்ச் வூஃபர் (கீழ் ஸ்வரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்று வாங்கி, கார்பெண்டரிடம் சொல்லி 16க்கு 16க்கு 15 இஞ்ச் அளவில் பெட்டி அடித்தேன். 3 இஞ்ச் பி.வி.சி. குழாயை 10 சென்டிமீட்டருக்கு வெட்டி முன்பக்கம் பொருத்தியிருக்கிறேன். ஆம்ப் அசெம்பிள் செய்தது: 5200–1943 ட்ரான்சிஸ்டர் போர்டு, 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மர், கீழ் ஸ்வரத்தை மட்டும் விடுகிற ஃபில்டர் போர்டு. ஏ.வி. ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டிலிருந்து இதற்கு இணைப்பு. பெட்டி டி.வி.க்கு நேர் கீழே. சோபா ஹாலின் நடுவில். அதற்குப் பின்னால் டைனிங் டேபிள். படம் போட்டால் சோபாவில் 'டொம் டொம்' என்று ஒரே மாதிரி சத்தம்தான் வருகிறது, அடி இறங்கவில்லை. பின்சுவர் ஓரம் இருக்கிற சமையலறை வாசலில் நின்றால் மட்டும் அதிர்கிறது. இன்னொரு 12 இஞ்ச் சேர்க்கலாமா, இல்லை ஆம்பை 500 வாட்டுக்கு மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சமையலறை வாசலில் அதிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வூஃபரும் ஆம்பும் தங்கள் வேலையைச் செய்கின்றன. நீங்கள் உட்காரும் இடத்தில்தான் பாஸ், அதாவது கீழ் ஸ்வரம், காணாமல் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி போகும். அதில் பாதி 565. இதை அறையின் நீளத்தால் வகுத்தால் அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே எந்த ஸ்வரம் மாட்டிக்கொண்டு நிற்கும் என்று தெரிந்துவிடும். உங்கள் 16 அடிக்கு 35 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 35 அதிர்வு), 11 அடி அகலத்துக்கு 51 ஹெர்ட்ஸ். இந்த 35 ஹெர்ட்ஸ் இரண்டு கோடியிலும் சுவரை ஒட்டிப் பலமாக இருக்கும். சரியாக நடுவில், எட்டாவது அடியில், ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. உங்கள் சோபா அங்கேதான் கிடக்கிறது. சமையலறை வாசல் பின்சுவர் ஓரம் என்பதால் அங்கே அதிர்கிறது.

அதே நீளத்துக்கு இன்னொரு ஸ்வரமும் உண்டு, 35இன் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸ். அது நேர்மாறாக நடுவில்தான் பலம். வெடி வெடித்தாலும், கதவை அறைந்தாலும், பறை அடித்தாலும் உங்களுக்கு ஒரே 'டொம்' கேட்பதற்கு அதுதான் காரணம். அகலத்துக்கான 51 ஹெர்ட்ஸையோ பெட்டி எழுப்பவே இல்லை, ஏனென்றால் பெட்டியும் அகலத்தின் நடுவில் இருக்கிறது. 35 இல்லை, 51 இல்லை, 70 மட்டும் அளவுக்கு மீறி. நெஞ்சில் படுகிற அடி பெரும்பாலும் 50க்கும் 80க்கும் நடுவே வருவது. சோபாவே நடுங்குகிற மாதிரி இருப்பது 35இலும் அதற்குக் கீழேயும். நீங்கள் கேட்பது முதலாவதில் 70 என்ற ஒரு துண்டு மட்டும்தான், இரண்டாவது இல்லவே இல்லை.

நம் ஊர் வீடுகளில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. கீழ் ஸ்வரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வெளிநாட்டு வீடுகளில் சுவரே கொஞ்சம் வளைந்து கொடுத்து பாஸில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதனால் அந்த ஊர் வீடியோக்களில் வருகிற செட்டிங்கை அப்படியே இங்கே வைத்தால் ஒத்துவராது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்லி யாராவது ஆலோசனை கொடுத்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 22 அடிக்கு மேல். முட்டை அட்டை அதை ஒன்றும் செய்யாது.

சோபாவை இரண்டு முதல் இரண்டரை அடி பின்னால் தள்ளுங்கள். டி.வி. சுவரிலிருந்து உங்கள் காது பத்து, பத்தரை அடியில் வரட்டும். அந்த இடத்தில் 35 திரும்பி வரும், 70 பாதிக்குப் பக்கமாக அடங்கும். டைனிங் டேபிளைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு. ஆனால் பின்சுவரோடு ஒட்டி உட்காராதீர்கள். அங்கே எல்லாமே ஊதிப்போய்க் கேட்கும்.

அடுத்தது பெட்டியின் இடம். வூஃபர் பெட்டியைத் தூக்கி, நீங்கள் உட்காரும் அதே இடத்தில், சோபா மேலேயே வையுங்கள். பாஸ் கிட்டார் தொடர்ந்து நடக்கிற ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாக முட்டி போட்டுத் தவழ்ந்து போங்கள், காது பெட்டியின் உயரத்தில் இருக்கட்டும். எந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஒன்று ஏறி ஒன்று இறங்காமல் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுதான் இடம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் காசில்லாமல் கிடைக்கிற இதைவிட நல்ல அளவீடு கிடையாது. மூலையில் வைத்தால் சத்தம் அதிகமாகும், 51 ஹெர்ட்ஸும் எழும்பும், சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு அது நன்றாகவே கேட்கும். நடு இருக்கைக்கு 51 எப்படியும் கம்மிதான். அகலத்தின் நடுவில் உட்காருகிற எல்லோருக்கும் அப்படித்தான்.

இன்னொன்று, இரண்டு நிமிட வேலை. 80 ஹெர்ட்ஸ் டோனை எல்லா ஸ்பீக்கரிலும் ஒன்றாக ஓடவிட்டு, வூஃபரின் பிளஸ் மைனஸ் ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும். எப்படிப் போட்டால் சோபாவில் சத்தம் கூடுதலோ அப்படியே விட்டுவிடுங்கள். சிவப்பைச் சிவப்பில்தான் போட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். பலகை 18 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வூஃபரும் குழாயும் அடைக்கிற இடம் போக உள்ளே சுமார் 45 லிட்டர் தேறும். அதில் 3 இஞ்ச் குழாய், உள்விட்டம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், நீளம் 10 என்றால் பெட்டி 41 ஹெர்ட்ஸ் பக்கம் டியூன் ஆகியிருக்கும், அதாவது குழாய்க் காற்று அந்த ஸ்வரத்தில்தான் பலமாக அதிரும். படம் பார்க்க இது கொஞ்சம் மேலே. டியூனிங்குக்குக் கீழே போனால் காற்றின் பிடி விட்டுப்போய் கோன் (வூஃபரின் முன்னும் பின்னும் அசைகிற கூம்பு) தன் போக்கில் ஆடும். படத்தில் 25 ஹெர்ட்ஸ் வெடிச் சத்தம் வந்தால் 'டக்' என்று வூஃபருக்குள் இருக்கிற கம்பிச்சுருள் அடிபடுவது இதனால்தான்.

என் கணக்கை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, கோன் மேல் ஒரு சிட்டிகை கடுகைத் தூவுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, மிதமான சத்தத்தில் 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள். 60இல் கடுகு குதிக்கும், 50இல் இடம் மாறி நகரும். ஓர் இடத்தில் சட்டென்று அடங்கி அப்படியே உட்கார்ந்துவிடும். அதே நேரம் குழாய் வாயில் கையை வைத்தால் காற்று பலமாக அடிக்கும். அதுதான் உங்கள் டியூனிங். இன்னும் கீழே இறக்கினால் கடுகு மறுபடியும் ஆட ஆரம்பிக்கும். பார்த்து முடித்ததும் கடுகைத் துடைத்தெடுத்துவிடுங்கள், பெட்டியை நிமிர்த்தும்போது குழாய்க்குள் போய்விடப் போகிறது.

குழாயை 10க்குப் பதில் 20 சென்டிமீட்டராகப் போட்டால் டியூனிங் 32 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். செலவு முக்கால் அடி பி.வி.சி. மட்டுமே. ஆனால் 12 இஞ்ச் கோனுக்கு 3 இஞ்ச் குழாய் சின்னது. சத்தம் ஏற்றினால் 'புஸ் புஸ்' என்று காற்று மூச்சு விடும். 4 இஞ்ச் குழாய்தான் சரி, ஆனால் அதே 45 லிட்டரில் 32க்கு இறக்க அரை மீட்டர் நீளம் வேண்டும், உள்ளே இடமில்லை. புதுப் பெட்டி அடிப்பதாக இருந்தால் 70 லிட்டர், 4 இஞ்ச் குழாய், 33 சென்டிமீட்டர் நீளம். 30 ஹெர்ட்ஸ் கிடைக்கும். குழாயின் உள்முனை பின்பலகையைத் தொட்டுவிடக் கூடாது. குறைந்தது ஒரு குழாய் விட்டம் அளவுக்காவது இடைவெளி இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. பழைய துண்டைச் சுருட்டி குழாய் வாயில் இறுக்கமாக அடைத்துவிட்டு ஒரு படம் பாருங்கள். இப்போது அது மூடிய பெட்டி. கார் வூஃபர்கள் பலவும் மூடிய பெட்டியில்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும். சத்தம் கொஞ்சம் குறையும், அடி சுத்தமாக விழும். கேட்டுப் பிடித்துப்போனால் குழாயை எடுத்துவிட்டு ஓட்டையைப் பலகையால் மூடிவிடலாம். தனிப்பட்ட முறையில் இந்த அளவு ஹாலுக்கு எனக்கு மூடிய பெட்டிதான் பிடிக்கும்.

வூஃபருக்கு எந்தப் பெட்டி என்பதை ஊகத்தில் முடிவு செய்யத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் இதற்கான கணக்கை வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் எஃப்.எஸ். (வூஃபர் தானாக அதிரும் ஸ்வரம்), கியூ.டி.எஸ். (அதன் ஆட்டம் எவ்வளவு கட்டுக்குள் நிற்கும் என்பது), வி.ஏ.எஸ். (அதன் விறைப்புக்கு ஈடான காற்றின் அளவு) என்ற மூன்று எண்களைக் கேளுங்கள். கியூ.டி.எஸ். 0.5 பக்கம் என்றால் மூடிய பெட்டி, 0.3 முதல் 0.4 என்றால் குழாய் வைத்த பெட்டி. மூன்றையும் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டால் பெட்டி அளவு வந்துவிடும். 'ஆயிரம் வாட் சார்' என்று மட்டும் சொல்லி இந்த எண்களைத் தராத வூஃபரை வாங்காதீர்கள்.

வாட் என்றதும் ஆம்ப் நினைவுக்கு வருகிறது. 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மரில் டி.சி. சுமார் 34 வோல்ட் இருபக்கமும் கிடைக்கும். 4 ஓம் வூஃபருக்கு நடைமுறையில் 100 வாட் அளவில் நிற்கும், அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும். அது இந்த ஹாலுக்குப் போதும். 100ஐ 500 ஆக்கினால் கூடுவது 7 டெசிபல். சோபா பள்ளத்தில் கிடக்கும்போது அந்த 7ஐயும் அறையே தின்றுவிடும். ஈக்வலைசரில் 35ஐ ஏற்றிச் சரிக்கட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு உழைக்க வேண்டும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஈக்வலைசரை மேட்டை வெட்ட மட்டும் பயன்படுத்துங்கள், உங்களுக்கு 70 ஹெர்ட்ஸை.

ஃபில்டர் போர்டில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. உங்கள் ரிசீவரே 80 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை வெட்டித்தான் சப்வூஃபர் அவுட்டில் அனுப்புகிறது. அதை ஃபில்டர் போர்டில் மறுபடியும் 80இல் வெட்டினால், இரண்டு வெட்டும் சேர்ந்து 60க்கு மேலேயே தேயத் தொடங்கும், ஃபேஸும் (அலை ஏறி இறங்குகிற நேரம்) திரும்பிக்கொள்ளும். போர்டின் குமிழை முழுக்க மேலே திருப்பி வையுங்கள், முடிந்தால் அந்த போர்டையே தாண்டி நேராக ஆம்புக்குக் கொடுங்கள். ரிசீவர் மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, அவற்றுக்கும் வூஃபருக்கும் ஸ்வரங்களைப் பிரிக்கிற கிராஸ்ஓவரை 80இல் விடுங்கள். குழாய் வைத்த பெட்டியாகவே தொடர்ந்தால், டியூனிங்குக்குக் கொஞ்சம் கீழே வெட்டுகிற சப்சானிக் ஃபில்டர் ஒன்று அவசியம்.

பெட்டியில் காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். 40 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு மூட்டுகள், ஒயர் வரும் துளை, வூஃபரைச் சுற்றி என்று மெதுவாகக் காட்டுங்கள். புகை துடித்தால் அங்கே ஓட்டை. கடற்கரை ஊர் என்பதால் ஒரு விஷயம்: பார்ட்டிகிள் போர்டிலோ எம்.டி.எஃப்.பிலோ அடித்த பெட்டி, தினமும் ஈரத்துணி போட்டுத் தரை துடைக்கிற வீட்டில் அடிப்பக்கம் உப்பி மூட்டு விட்டுப்போகும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டில் அடித்து, அடியில் ரப்பர் கால் வையுங்கள். எஸ்.எஸ். ஸ்க்ரூ போடுங்கள். ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். அடுத்த வூஃபர் வாங்கும்போது ஓரத்தில் ஃபோம் வைத்ததை விட்டு ரப்பர் வைத்ததாக எடுங்கள். நம் உப்புக்காற்றிலும் வெக்கையிலும் ஃபோம் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் 20லிருந்து 100 வரை டோனை மெதுவாக ஏற்றிக்கொண்டே வீட்டைச் சுற்றி வாருங்கள். பரண்மேல் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் அண்டா ஒரு எண்ணில் கிணுகிணுக்கும், ஷோகேஸ் கண்ணாடி இன்னொன்றில், ஜன்னல் கொக்கி வேறொன்றில். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுத் துணியோ ஸ்பாஞ்ச் டேப்போ வையுங்கள். இந்தக் கிணுகிணுப்பு காதுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு பாஸை அழுக்காகக் காட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அப்போது இரண்டாவது வூஃபர் வாங்குங்கள். அதை முதல் பெட்டியின் மேலே அடுக்காதீர்கள். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தால் எல்லா இருக்கைக்கும் பாஸ் ஏறக்குறைய சமமாகப் போகும் என்று காட்டியது. உங்கள் வீட்டில் ஒன்று டி.வி.க்குக் கீழே பழைய இடத்திலேயே, மற்றொன்று நேர் பின்சுவர் நடுவில், அங்கே டைனிங் டேபிளுக்கு அடியிலேயே இடம் கிடைக்கும். வாங்கும்போது அதே மாடல் வூஃபராக வாங்கி, அதே அளவுப் பெட்டியாக அடியுங்கள். இரண்டும் வெவ்வேறு ரகமாக இருந்தால் ஃபேஸை ஒத்துப்போக வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.