எல்எல்.எம். (சட்ட முதுநிலைப் படிப்பு) எங்கே படிக்கலாம்: ரேங்கிங் பார்த்துக் குழம்பியவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. க்யூ.எஸ். நிறுவனம் வெளியிடும் உலகச் சட்டப் படிப்புத் தரவரிசைப் பட்டியலில் ஒன்று 32, இன்னொன்று 48. முதலாவதுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் நடத்தும் கருத்துக்கணிப்பிலிருந்து வருகிறது, அதாவது பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத்தான் அது அதிகம் அளக்கிறது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர், ஆய்வுக்கட்டுரையை யார் உட்கார்ந்து படித்துத் திருத்துவார் என்பதெல்லாம் அதில் வராது. 32-க்கும் 48-க்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்காக நான் ஒரு ரூபாய்கூட அதிகம் கட்டமாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவுக்கு யு.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் வெளியிடும் சட்டப் பள்ளித் தரவரிசைப் பட்டியலைப் பார்த்தால் போதுமா மேடம்?

பதில்: அது அளப்பது ஜே.டி. படிப்பை (அங்கே வழக்கறிஞராவதற்கான முதல் சட்டப் பட்டம்), நீங்கள் போகப்போகும் எல்எல்.எம்.-ஐ அல்ல. 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் அந்தப் பட்டியலுக்கு இனி ஒத்துழைக்கப் போவதில்லை என்று அறிவித்தன. முன்னணியில் இருந்தவர்களே சலித்துப்போனால் நாம் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கேள்வி: எனக்குக் கடல்சார் சட்டம்தான் வேண்டும்.

பதில்: அப்படியென்றால் பொதுப் பட்டியலை மூடிவையுங்கள். பிரிட்டனில் உள்ள ஸ்வான்சி, சவுதாம்ப்டன் பல்கலைக்கழகங்கள் இரண்டையும் பாருங்கள். கப்பல் வழக்கு நடத்துபவர்களுக்கு இந்தப் பெயர்கள் நன்றாகத் தெரியும். இதேபோல விமான, விண்வெளிச் சட்டம் என்றால் நெதர்லாந்தின் லைடன், வரிச் சட்டம் என்றால் நியூயார்க் பல்கலைக்கழகம், சர்வதேச நடுவர் தீர்ப்புமுறை என்றால் ஜெனிவா. துறைக்குள் இருப்பவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள், எண் சொல்லி அல்ல.

கேள்வி: நியூயார்க் பார் தேர்வு (அங்கே வழக்கறிஞராவதற்கான தகுதித் தேர்வு) எழுத ரேங்க் பார்ப்பார்களா?

பதில்: பார்க்கமாட்டார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த சட்டப் பள்ளியா, 24 கிரெடிட் முடித்தீர்களா, கட்டாயப் பாடங்களை எடுத்தீர்களா, இவைதான் கணக்கு. முதல் பட்டத்தில் என்ன படித்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள், அதை முதலில் சரிபாருங்கள்.

கேள்வி: அப்போ ரேங்கிங் சுத்த வீணா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. பேராசிரியர் வேலைக்குப் போகிறவருக்கும், ஊர் விட்டு ஊர் மாறி வேலை தேடுகிறவருக்கும் பெயர் உதவும். சில உதவித்தொகைகள் தரவரிசையில் குறிப்பிட்ட இடத்துக்குள் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்குத்தான் பணம் தரும், அங்கே வாதாடிப் பயனில்லை.

கேள்வி: சேர்வதற்கு முன் எதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்?

பதில்: உங்களுக்கு வேண்டிய பாடம் இந்த வருடம் உண்மையிலேயே நடக்கிறதா என்று மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நான் ஒரு பேராசிரியரை நம்பித்தான் போய்ச் சேர்ந்தேன், அவரோ அந்த வருடம் முழுக்க விடுப்பில்.