இண்டஸ்ட்ரிக்குப் போறதுக்கு முன்னாடி அந்த டியூப்ல இருக்கறது யாருன்னு பாருங்க தம்பி

ஹூஸ்டனுக்கு வந்து மூணு மாசம் ஆகுது, முன்னாடி இருந்த போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சுட்டு லேப்ல ஆராய்ச்சி பண்றவரு) காட்டின ரிசல்ட் எனக்கு வரவே மாட்டேங்குது, ஞாயித்துக்கிழமையும் லேப்லயே கிடக்கேன், பாஸ் ஒண்ணும் சொல்றதில்ல, பேசாம கம்பெனி வேலைக்குப் போயிடலாமாக்கான்னு கேட்டிருக்கீங்க. நான் 2005ல இதே ஊருக்கு ரெண்டு சூட்கேஸோட வந்தவ. கம்பெனி பேச்சை அப்புறம் வச்சுக்கலாம், மொதல்ல நீங்க லேப்ல வளர்க்கற செல்லு (உயிரணு) உண்மையிலேயே எந்த வகைன்னு செக் பண்ணீங்களா?

சிரிக்காதீங்க. என் மொத வருஷம் இன்னொரு லேப்ல இருந்து செல்லை உறைய வச்ச ஒரு கிரையோ டியூப் வாங்கினேன், மூடியில மார்க்கர்ல மார்பகப் புற்றுநோய் செல்லோட பேரு, தேதி கிடையாது. நாலு நாளைக்கு ஒரு தடவை புது ஃபிளாஸ்க்குக்குப் பிரிச்சா போதும்னாங்க, அது ரெண்டே நாள்ல ஃபிளாஸ்க் முழுக்க அடைச்சுக்கிட்டு மீடியம் (செல்லு வளர்ற சத்துத் தண்ணி) மஞ்சளாகி நிக்கும், நானும் நம்ம கைராசின்னு பெருமையா இருந்தேன். எட்டு மாசம் கழிச்சு ஒரு பழைய டெக்னீஷியன் அம்மா மைக்ரோஸ்கோப்புல எட்டிப் பாத்துட்டு, இது ஹீலா மாதிரில்ல இருக்குன்னாங்க. செல்லு யாரோடதுன்னு டிஎன்ஏவை வச்சுச் சொல்ற எஸ்டிஆர் டெஸ்ட்டுக்கு அனுப்பினா ஹீலாவேதான். 1951ல பால்டிமோர்ல ஹென்ரியட்டா லாக்ஸ்ங்கற அம்மாவோட கர்ப்பப்பை வாய் கட்டியில இருந்து அவங்களைக் கேக்காமலே எடுத்தது, அவங்க அந்த வருஷமே இறந்துட்டாங்க, செல்லு மட்டும் இன்னிக்கும் உலகம் பூரா வளருது, ஒரு சொட்டு பக்கத்து ஃபிளாஸ்க்குல விழுந்தா போதும், சீமைக்கருவேலம் மாதிரி மத்ததை எல்லாம் அமுக்கிட்டு அதுதான் நிக்கும். அன்னிக்கு ராத்திரி மெட்ரோரயில்ல அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

அதனால இந்த வாரமே எஸ்டிஆர், கூடவே மைக்கோபிளாஸ்மாங்கற குட்டி பாக்டீரியாவுக்கும் டெஸ்ட். அது இருந்தா மீடியம் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்புல தெரியாது, செல்சுவரே இல்லாததால பென்சிலினுக்கும் அசையாது, ஆனா உங்க ரிசல்ட்டை மட்டும் கெடுத்துட்டே இருக்கும். பாஸ் காசு தருவாரான்னு யோசிக்காதீங்க, 2016ல இருந்து என்ஐஎச் (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) கிராண்ட்டுக்கு எழுதும்போதே செல்லை எப்படி உறுதி பண்றோம்னு சொல்லியாகணும், அவருக்கும் அது வேணும்.

செல்லு சரியா இருந்தா பத்து டியூப் ஃப்ரீஸ் பண்ணி பாதியை வேற பில்டிங் நைட்ரஜன் டேங்க்ல வைங்க. இது ஹூஸ்டன் தம்பி. 2001 ஜூன்ல அலிசன் புயல் மழையில மெடிக்கல் சென்டர் அடித்தளமெல்லாம் தண்ணி ஏறி, ஆராய்ச்சி எலிங்க ஆயிரக்கணக்குல செத்து, கரண்ட் போய் ஃப்ரீசர்ல பல வருஷ சாம்பிள் உருகிப் போச்சு. (அதே பேருள்ள ஜிம் அலிசன்தான் இதே ஊர்ல இருந்துக்கிட்டு 2018ல புற்றுநோய் சிகிச்சைக்காக நோபல் வாங்கினாரு. அவரோட எலி ரிசல்ட் வெளிவந்தது 1996, அதுல இருந்து வந்த மருந்துக்கு அனுமதி 2011. நீங்க மூணு மாசத்துக்கே நொந்துக்கறீங்க.)

ஞாயித்துக்கிழமை சங்கதி சுலபம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒண்ணுக்குப் பத்துன்னு பிரிச்சு வைங்க, திங்கக்கிழமை வரைக்கும் தாங்கும். நம்மூர் கடைங்க இருக்கற ஹில்கிராஃப்ட்ல மளிகை வாங்குங்க, பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போங்க, நாலு பேரு முகத்தைப் பாருங்க. பாஸ் பேசாததைக் கோவம்னு எடுத்துக்காதீங்க, இங்க நீங்களா போய் நின்னாத்தான் உண்டு, வாரம் அரைமணி நேரம் கேட்டு வாங்கி ஓடாத ரிசல்ட்டையும் காட்டுங்க. நான் மறைச்சு வச்சுத்தான் எட்டு மாசம் போச்சு.

விசா ஜே1னா மொத்தமே 5 வருஷம், ரெண்டு வருஷம் ஊருக்குத் திரும்பணும்ங்கற விதி உங்களுக்கு இருக்கான்னு விசாவுக்குக் குடுத்த டிஎஸ்-2019 ஃபாரத்தை எடுத்துட்டுப் போய் ஸ்காலர் ஆபீஸ்ல இப்பவே கேளுங்க. சொந்த லேப் ஆசை இருந்தா என்ஐஎச்சோட கே99 கிராண்ட்டுக்கு கிரீன் கார்டு தேவையில்ல, ஆனா போஸ்ட்டாக் அனுபவம் 4 வருஷத்தைத் தாண்டக்கூடாது, நம்ம பசங்க பாதிப்பேருக்கு இது தெரியறதே அஞ்சாவது வருஷம்தான். கம்பெனியா லேப்பாங்கறதை அதுக்குள்ள முடிவு பண்ணிக்கலாம், அவசரமில்ல.

எஸ்டிஆர் ரிசல்ட் வந்ததும் எழுதுங்க. அதுவரைக்கும் முன்னாடி இருந்தவரைப் பத்தி லேப்ல வாயைத் திறக்காதீங்க, அவரும் அதே டியூப்பை நம்பி ஏமாந்தவரா இருக்கலாம்.