அமெரிக்கக் கிராமங்களுக்குப் போன ஏழை ஐரிஷ் குடும்பங்களில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்? நிலம் கிடைத்ததும் வறுமை தீரவில்லையா?

எல்லாருக்கும் தீரவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் கிரேஸ்வில் என்ற ஊரையே பாருங்கள். 1880 கோடையில் அயர்லாந்தின் கானமாராவிலிருந்து சுமார் 300 பேரை பிஷப் ஜான் அயர்லாந்து (ஆமாம், பெயரே அதுதான்) அங்கே குடியமர்த்தினார். குடும்பத்துக்கு 160 ஏக்கர், ஒரு பலகைக் குடிசை.

வந்தவர்களோ பாறைகளுக்கு நடுவே துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தவர்கள். பலருக்கு ஐரிஷ் மொழிதான் தெரியும். அந்த அக்டோபரிலேயே பனிப்புயல் ஆரம்பித்துவிட்டது. அந்தப் புல்வெளிகளில் விறகுக்கு மரம் ஏது? காய்ந்த புல்லைக் கயிறு மாதிரி முறுக்கி, முடிச்சுப் போட்டு அடுப்பில் திணிப்பார்கள். அது மளமளவென்று எரிந்து சாம்பலாகிவிடும். யாராவது முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சிறுசுகளும் கை கொடுத்தால்தான் வீடு சூடாக இருக்கும்.

பிறகு பலர் நிலத்தை விட்டுவிட்டு செயின்ட் பால் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அவர்கள் குடிசை போட்ட ஓடைக்கரைக்கு 'கானமாரா பேட்ச்' என்றே பெயர் வந்தது. சோம்பேறிகள், அதனால்தான் தோற்றார்கள் என்று அப்போது பழி சொன்னார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. முதல் அறுவடையைப் பார்ப்பதற்கு முன்பே பனியில் மாட்டிக்கொண்டவர்கள் வேறென்ன செய்திருப்பார்கள்?