50:50 என்று போட்டிருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். கைமாறி வரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாம் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ, போர்ஷே 718 கேமன், அப்புறம் 2025இல் கொஞ்சமாக இறக்குமதியான ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. தினமும் அவிநாசி ரோட்டில் ஆபீஸ், லீவு நாளில் வால்பாறை அல்லது ஊட்டி. "முன்னும் பின்னும் எடை 50:50 இல்லாத காரை வாங்காதே, ஜிடிஐக்கு மூக்கு கனம், வளைவில் திரும்பாது" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தினசரி ஓட்டத்தில் இது நிஜமாகவே தெரியுமா?

பதில்: அவிநாசி ரோட்டில் தெரியாது. மலையில் கொஞ்சம் தெரியும், அதுவும் மழை பெய்தால்.

50:50 என்பது வண்டி சமதரையில் சும்மா நிற்கும்போது எடுத்த கணக்கு. கிளம்பினால் மாறிவிடும். பிரேக் போட்டால் பாரம் முன்னால் போகும். எவ்வளவு போகும் என்பதை காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்ற மூன்றும்தான் முடிவு செய்கின்றன. உயரம் அரை மீட்டர், தூரம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு 0.8 ஜி (புவியீர்ப்பில் 80 சதவீதம்) அளவுக்கு அழுத்தி மிதித்தால், மொத்த எடையில் 16 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போய்விடும். 50:50 கார் அந்த நொடியில் 66:34 ஆகிறது. 45:55 என்று பின்பக்கம் கனமாக இருக்கிற கேமன் மாதிரி கார் 61:39இல் நிற்கிறது, அதாவது பின் டயர்களும் பிரேக்கில் கூடுதலாக வேலை செய்கின்றன. பிரேக் என்று பார்த்தால் 50:50 ஜெயிக்கவே இல்லை, பாருங்கள்.

வளைவுக்கு வருவோம். ஊருக்குள் சாதாரணமாகத் திரும்பும்போது 0.2, 0.3 ஜி தாண்டுவது அபூர்வம். காய்ந்த ரோட்டில் நல்ல டயர் 0.9 ஜி வரை பிடிக்கும். நடுவில் இவ்வளவு மிச்சம் இருக்கும்போது எஞ்சின் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதெல்லாம் டயருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஸ்டியரிங் பிடித்த கைக்கு வேண்டுமானால் லேசாகத் தெரியலாம்.

இன்னொன்று, இரண்டு கார் 50:50 என்றாலும் இரண்டும் ஒரே மாதிரி திரும்பாது. ஒரு கம்பின் இரு முனையிலும் குடத்தைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், அப்புறம் அதே இரண்டு குடத்தையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். கனம் நடுவில் இருந்தால்தான் திரும்புவது சுலபம். கேமனில் எஞ்சின் இரண்டு அச்சுக்கும் நடுவில், உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சொன்னதும் திரும்புகிறது. இந்த வித்தியாசம் விளம்பரத்தில் போடுகிற எண்ணில் வராது. மொத்த எடையும் வராது. உங்கள் மூன்றில் அதிக கனம் 50:50 என்று பேர் வாங்கிய இசட்4தான், எம்40ஐ 1,500 கிலோவைத் தாண்டும். கேமன் அதைவிட நூற்றைம்பது கிலோவாவது குறைவு. எடை குறைந்தால் பிரேக், டயர், பெட்ரோல் எல்லாவற்றிலும் தினமும் மிச்சம், அதற்கு வேகமாக ஓட்டவே வேண்டியதில்லை.

சரி, மலை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மழையில் ஏற்றத்தில் ஒரு வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பாரம் பின்னால் போகும். ஜிடிஐயில் திருப்புவதும் முன் சக்கரம், இழுப்பதும் முன் சக்கரம். உள்பக்கச் சக்கரம் வழுக்கும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னும், வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுப் போகும். மூக்கு கனம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இவ்வளவுதான். கேமனில் எஞ்சின் எடை ஓட்டுகிற சக்கரத்தின் மேலேயே விழுவதால் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு ஏறும். ஆனால் இறக்கத்தில், ஈர ரோட்டில், பாதி வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வால் வெளியே வரப் பார்க்கும். எஞ்சினைப் பின் சக்கரத்துக்கும் பின்னால் வைத்து 1975இல் வந்த போர்ஷே 911 டர்போ கெட்ட பெயர் வாங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது வண்டி வழுக்கினால் தானாகவே பிரேக் போட்டுச் சமாளிக்கும் இஎஸ்சி பிடித்து நிறுத்திவிடுகிறது. அதனால் வாங்கும்போது சாவியைத் திருப்பியதும் இஎஸ்சி விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். அந்த வண்டி வேண்டாம்.

ஆபீஸும் மலையும் ஒரே காரில் என்றால் என் ஓட்டு ஜிடிஐக்கு. பின் சீட்டே வேண்டாம் என்றால் கேமன். வெறும் 50:50க்காக இசட்4 வாங்காதீர்கள், கூரையைத் திறந்து ஓட்டும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் டெஸ்ட் டிரைவில் எதைத்தான் பார்ப்பது?

பதில்: டயரை. பக்கவாட்டில் தேதிக் குறியீட்டின் கடைசி நாலு எண் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இந்த மாதிரி கார்கள் வெயிலில் நின்றே காலம் கழிப்பவை. பட்டன் ஆழமாக இருக்கும், ரப்பர் கட்டையாகிப் போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. விற்பவர் "பாருங்க சார், டயர் புதுசு மாதிரி இருக்கு" என்பார். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா என்றும் பாருங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மலிவாக மாட்டியிருந்தால் தொழிற்சாலையில் பார்த்துப் பார்த்துச் செய்த சமநிலை எல்லாம் அங்கேயே போச்சு. கேமனில் முன் டயரைவிடப் பின் டயர் அகலம், முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது, எனவே பின் ஜோடி சீக்கிரம் தேயும். அந்தச் செலவையும் விலையில் பேசுங்கள். இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடுவதானால் எந்த காராக இருந்தாலும் பின்னால் போடுங்கள்.

கேள்வி: ஜிடிஐ வாங்கி, டிக்கியில் மணல் மூட்டை போட்டு 50:50 ஆக்கலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பின் சீட்டில் இரண்டு பேரும் டிக்கியில் 40 கிலோ சாமானும் ஏறினாலே ஜிடிஐயின் 60:40 ஏறக்குறைய 54:46 ஆகிவிடும். அப்போது கார் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்புகிறதா என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். கனம்தான் தெரியும். ஆனால் மெக்கானிக்கைப் பார்த்து ரொம்பச் சிரிக்கவும் முடியாது. 1960களில் போர்ஷேவே 911இன் வாலை அடக்க முன் பம்பருக்குள் வார்ப்பிரும்பு எடைகளை வைத்து விற்றது. அது சரியான வழி இல்லை என்று 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னால் தள்ளி, பேட்டரியை இரண்டாக்கி முன் மூலைகளில் வைத்தார்கள்.