கார் ஜிபிஎஸ் கருவிக்கு எந்த மவுண்ட்? கேள்வி பதில்

கார் ஆக்சஸரி பொருத்துவதுதான் என் வேலை. டேஷ்போர்டு மவுண்ட் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். விலை, மாடல் ஒப்பீடு கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

இரவுப்பயணி: அண்ணா, ஐந்து அங்குல ஜிபிஎஸ் வாங்கினேன். கூடவே வந்த சக்‌ஷன் கப்பை டேஷ்போர்டில் ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுகிறது. வேறு எந்த மவுண்ட் வாங்கலாம்?

வாங்குவதற்கு முன்னால் இடத்தைத் தீர்மானியுங்கள். கருவியின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பால் அந்த அட்டையை ஒவ்வோர் இடமாக ஒட்டிப் பாருங்கள். சாலை மறைகிறதா, பக்கக் கண்ணாடி மறைகிறதா, கை எட்டுகிறதா, சார்ஜர் வயர் ஸ்டியரிங்கையோ கியரையோ தாண்டிப் போகிறதா? இதற்கெல்லாம் விடை கிடைத்த பிறகுதான் மவுண்ட்.

ஏர்பேக் இருக்கும் இடத்தில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். பயணி பக்க ஏர்பேக் டேஷ்போர்டின் மேற்பகுதியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மோதிய பிறகு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் விரிந்து முடிந்துவிடும். அதன் மூடிமேல் இருக்கும் பொருள் உங்கள் முகத்துக்கோ பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கோதான் வரும். சில கார்களில் மூடியின் கோடு வெளியே தெரியாது. கார் கையேட்டில் படம் இருக்கும், பாருங்கள்.

இனி உங்கள் கப் விழும் காரணம். சக்‌ஷன் கப் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. உள்ளே காற்று குறைந்ததால் வெளிக்காற்று அதை அழுத்தி வைத்திருக்கிறது. ஏழு சென்டிமீட்டர் அகலக் கப் என்றால், உள்ளே காற்றே இல்லாவிட்டால் ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கிடைக்கும். கண்ணாடியில் அதில் கணிசமான பங்கு கிடைத்துவிடும். டேஷ்போர்டில் தோல் மாதிரி சொரசொரப்பு இருக்கிறதே, அந்தப் பள்ளங்கள் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். தட்டுப்பட்டால் சாதாரணக் கப் நிற்காது. லேசான சொரசொரப்புக்கு அடியில் பிசுபிசுப்பான ஜெல் உள்ள கப் போதும். அதிகமாக இருந்தால் ஒட்டுவட்டு (அடியில் பசையுள்ள வட்டத் தகடு) ஒன்றை ஒட்டி, அதன் வழவழப்பான முகத்தில் கப்பை வையுங்கள்.

புதுக்கார்: ஒட்டுவட்டு வாங்கினேன் சார். ரெண்டே நாளில் பெயர்ந்து வந்துவிட்டது.

டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டிருப்பீர்கள். பளபளப்புக்காகப் போடும் சிலிக்கான் பாலிஷ்மேல் எந்தப் பசையும் நிற்காது. சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடையுங்கள், காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், அப்புறம் விரல் படாமல் ஒட்டுங்கள். அரை நிமிடம் நன்றாக அழுத்தணும். உடனே கருவியை மாட்டாதீர்கள். இந்த வகை நுரைப் பசை முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாள் வரை ஆகும், குறைந்தது ஒரு நாளாவது விடுங்கள். வளைந்த இடத்தில் ஒட்டினால் ஓரம் தூக்கும், அதற்கு மருந்து கிடையாது.

மலைச்சாலை: கப்பில் எச்சில் தடவி ஒட்டினால் நல்லா நிற்குமாமே?

வேண்டாம். காய்ந்ததும் அழுக்குதான் மிஞ்சும். கப்பை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், பழைய பிடிப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். ஓரம் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

குளிர்காற்று: ஏசி வென்ட்டில் மாட்டும் கிளிப் போதாதா அண்ணா?

இலேசான போனுக்குப் போதும். கனமான ஜிபிஎஸ்ஸை மாட்டினால் அந்த மெல்லிய தகடு வளையும், ஒருநாள் ஒடியும். ஹீட்டர் போடும் காலத்தில் சூடான காற்று நேராகக் கருவியின் முதுகில் அடிக்கும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதற்கு நல்லதல்ல.

காந்தக்காரர்: காந்த மவுண்ட் வைத்தால் சிக்னல் கெடுமா?

ஜிபிஎஸ் சிக்னல் கெடாது. 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் ரேடியோ அலையை நிலைக்காந்தம் எதுவும் செய்யாது. கருவிக்குள் திசைகாட்டி இருந்தால் அது குழம்பலாம். சிக்னல் நிஜமாகவே பலவீனமாக இருந்தால் முன்கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி சிக்னலை மறைக்கும். அப்படிப்பட்ட கண்ணாடியில் பல சமயம் ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாத இடம் விட்டிருப்பார்கள்.

வாடகை வண்டி: நான் வண்டி மாறிமாறி ஓட்டுபவன். மணல் பை மவுண்ட்தான் வசதி. எதுவும் ஒட்ட வேண்டாம், எடுத்து வைத்தால் முடிந்தது.

வசதிதான். ஆனால் அது டேஷ்போர்டோடு இணைந்திருப்பதில்லை, உராய்வில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாடகை வண்டி: எத்தனையோ முறை சடன் பிரேக் போட்டிருக்கிறேன், ஒரு அங்குலம்கூட நகர்ந்ததில்லை.

நகராது. காய்ந்த ரோட்டில் முழு பிரேக் போட்டாலும் வண்டியின் வேகம் குறைவது ஒரு ஜி (பூமியின் ஈர்ப்பு முடுக்கம்) அளவுக்குள்தான். நல்ல ரப்பர் அடிப்பகுதி அதைத் தாங்கிவிடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதி, வண்டியின் முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கினால் கணக்கு 20 ஜி வருகிறது. எந்த உராய்வும் அதைத் தாங்காது. பையும் கருவியும் சேர்ந்து ஒரு கிலோ என்றால், மூன்றாம் மாடியிலிருந்து விழும் ஒரு கிலோ கல்லுக்குள்ள வேகம் அதற்கு இருக்கும்.

நேர்கோடு: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். முன்னால் மோதினால் பை கண்ணாடிப் பக்கம்தானே போகும்? நம்மை நோக்கி எப்படி வரும்?

சரியான கேள்வி. நேர் மோதலில் முதலில் கண்ணாடிக்குத்தான் போகும், அங்கே பட்டுத் திரும்பலாம். பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடித்தால்? கார் சட்டென்று முன்னே தள்ளப்படும், பை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். உள்ளே இருப்பவருக்கு அது தன்னை நோக்கி வருவதுதான். வண்டி உருண்டால் எந்தத் திசையும் சொல்ல முடியாது.

வாடகை வண்டி: அப்படியானால் பசை மவுண்ட்டும் பிய்த்துக்கொண்டு வருமே?

வரலாம். ஆனால் அப்போது பறப்பது கால் கிலோ கருவி, ஒரு கிலோ இல்லை. முகத்துக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இரவுப்பயணி: அப்போ வண்டி மாற்றுபவர்கள் என்னதான் செய்வது?

முன்கண்ணாடியின் கீழ் மூலையில் சக்‌ஷன் கப். கண்ணாடியில் ஒட்டுவதற்கு உங்கள் ஊர் சட்டம் இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் விடுவதில்லை. மணல் பையேதான் வேண்டும் என்றால் இலேசானதாக, நடு டேஷ்போர்டின் தட்டையான பகுதியில், ஏர்பேக் மூடியை விட்டுத் தள்ளி வையுங்கள். கருவியை மாட்டாத நேரத்தில் பையைக் கீழே இறக்கிவிடுங்கள்.

பழைய கார்மின்: மவுண்ட் தொலைந்துவிட்டது. வேறு கம்பெனி மவுண்ட் சேருமா?

கார்மின் கம்பெனியின் பல மாடல்களில் மவுண்ட் கையின் நுனியில் உள்ள பந்து 17 மில்லிமீட்டர். தொட்டிலின் (கருவி உட்காரும் பகுதி) பின்னால் உள்ள குழியை வெர்னியரால் அளந்துவிட்டு அதே அளவுப் பந்துள்ள கை வாங்குங்கள். தொட்டிலே தொலைந்திருந்தால் கருவியின் மாடலைச் சொல்லித்தான் வாங்கணும்.

அவசரம்: எது பெஸ்ட் மவுண்ட், ஒரே வரியில் சொல்லுங்க.

முதல் பதிலைப் படியுங்கள்.

வெள்ளைக்கார்: டேஷ்போர்டில் சக்‌ஷன் கப் நிற்கவே மாட்டேங்குது, என்ன செய்ய?

இதற்கும் முதல் பதில்தான். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, தனித்தனியாக எழுதவில்லை.

வெள்ளைக்கார்: படித்தேன் அண்ணா. பயணி பக்கம் தட்டையாக இருக்கிறதே, ஒட்டுவட்டை அங்கே ஒட்டலாமா?

அதுதான் ஏர்பேக் மூடி. ஒட்டாதீர்கள்.

அடுத்த ஓனர்: வாங்கிய காரில் பழைய ஒட்டுவட்டு இருக்கிறது. எப்படி எடுப்பது?

முதலில் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டுங்கள், பசை இளகும். மீன்பிடி நரம்பை அடியில் விட்டு ரம்பம் மாதிரி இழுத்து அறுத்தால் வட்டு தனியாக வந்துவிடும். மிச்சமிருக்கும் பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுங்கள். அசிட்டோன், தின்னர் பக்கம் போகாதீர்கள், டேஷ்போர்டு வெளுத்துவிடும். ஆல்கஹாலைக்கூட மறைவான ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத் துடையுங்கள்.