பத்தாம் வீட்டுப் பாட்டியின் பெயர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். அம்மா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். நான் இப்போது கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். பெரிய எழுத்தாளர்கள், ஓவியர்கள், சிந்தனையாளர்கள் எல்லாம் கடைசியாக என்ன எழுதினார்கள், என்ன செய்தார்கள் என்று தேடி ஒரு குறிப்பேட்டில் சேர்த்து வருகிறேன். வாழ்நாள் முழுக்கக் கண்டதை அதில்தான் வடித்து வைத்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. பாரதியின் கடைசிச் சொற்பொழிவுகளில் ஒன்றின் தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை' என்று அறிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

மூன்று கேள்விகள். அவசியம் படிக்க வேண்டிய கடைசிப் படைப்புகள் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? படைப்பாளிக்குத் தன் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுமா? கிழட்டு ரப்பர் மரத்தில் பால் வற்றுவதுபோல வயதானால் எழுத்தும் வற்றும், ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை என்கிறாள் என் தோழி. அது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியல் கிடையாது. கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் குறிப்பேட்டின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு மனிதன் ஆயுள் முழுக்க உழைத்ததில் கடைசி நாலு பக்கத்தை மட்டும் கிள்ளி எடுத்து ஒட்டிவைப்பது படிப்பாகாது. பாரதியின் சொற்பொழிவுத் தலைப்பு தெரிந்திருக்கிறது, நல்லது. அவர் முடிக்காமல் விட்டுப்போன 'சந்திரிகையின் கதை'யைப் படித்தீர்களா? படித்திருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும்.

தோழி சொன்னதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிழட்டு மரத்தைப் பற்றி அவர் உங்கள் அம்மாவிடம் கேட்டிருக்கலாம். மறுநடவுக்கு நாள் குறித்த மரத்தைத்தான் ஆக மோசமாக வெட்டுவார்கள். சாதாரணமாக ஒரு பக்கப் பட்டையில் ஒரு வெட்டு, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். சாய்க்கப்போகிறார்கள் என்றால் அந்தக் கணக்கெல்லாம் போய்விடும். இரண்டு பக்கமும் வெட்டு, ஏணி வைத்து மேலேயும் வெட்டு, போதாததற்குப் பட்டையில் மருந்து தடவி இன்னும் கொஞ்சம் பால். அப்படி வெட்டி நிரையை முடித்துவிட்டு வந்த நாட்களில் என் அம்மா கழுத்தைத் திருப்ப முடியாமல் படுத்துக் கிடப்பார். பால் வடியும் மங்குக் கிண்ணம் மட்டும் நிரம்பியிருக்கும். தான் சாயப்போவது மரத்துக்குத் தெரியாது, துரைக்குத்தான் தெரியும். இருபத்தைந்து முப்பது வருஷம் என்பதும் தோட்டத்துக் கணக்குத்தான். 1877இல் நட்ட மரங்களில் ஒன்று கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தருகே இன்னும் நிற்கிறது. உங்கள் ஊருக்கு அடுத்த ஊர், ஒரு தடவை போய்ப் பாருங்கள். எழுதுகிறவர் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல உங்கள் தோழிக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டீர்களே, அதைத்தான் நான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாரதி 1921 ஜூலை 31 அன்று ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வாசகசாலையில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினார். ஆறு வாரத்தில், செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, 38 வயதில் இறந்துபோனார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்குத்தான் சிலிர்க்காது? ஆனால் நடுவில் நடந்ததையும் வையுங்கள். மறுநாள் அதே ஈரோட்டில் இந்தியாவின் எதிர்கால நிலை பற்றிப் பேசினார். திரும்பி வந்து, போய்வந்த பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார். அந்தக் கடைசி இரவில் அமானுல்லா கானைப் பற்றி ஒரு வியாசம் எழுதி ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொன்னதாக உடனிருந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள். அமானுல்லா கான் அப்போது ஆப்கானிஸ்தானை ஆண்டுகொண்டிருந்தவர். உங்கள் குறிப்பேட்டில் அமானுல்லா கானுக்கு இடம் உண்டா? எனக்கு அந்தச் சொற்பொழிவின் தலைப்பைவிட இதுதான் தொண்டையை அடைக்கிறது. வேலைக்குப் போகிற ஒருவர், நாளைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

தாகூரும் அப்படித்தான். 1941 ஜூலை 30 காலையில், அறுவைச் சிகிச்சைக்குச் சற்று முன், ஒரு கவிதையை வாயால் சொல்லி எழுத வைத்தார். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தார். ஆகஸ்ட் 7இல் இறந்தார், திருத்தவில்லை. நாம் அதை இறுதி வாக்கு என்று போற்றுகிறோம். அவருக்கு அது முதல் படி, வேலை பாக்கியிருந்தது. தத்துவவாதி விட்கன்ஸ்டைன் 'உறுதிப்பாடு பற்றி' என்று பின்னால் நூலான குறிப்புகளைக் கடைசியாக எழுதியது 1951 ஏப்ரல் 27இல். இறந்தது 29இல். அந்தக் கடைசிக் குறிப்பில் விடைபெறுதல் எதுவும் இல்லை. தூங்குகிற ஒருவன் கனவில் 'மழை பெய்கிறது' என்கிறான், வெளியில் உண்மையிலேயே மழை பெய்கிறது, அப்படியானால் அவன் சொன்னது சரியாகிவிடுமா என்று வாதம் செய்துகொண்டிருக்கிறார். மைக்கலாஞ்சலோ 88 வயதில், சாவதற்குச் சில நாள் முன்பு வரை, ஒரு பளிங்குக் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். இறந்த மகனைத் தாங்கி நிற்கும் தாய். அந்தச் சிலை இப்போது மிலானில் இருக்கிறது. முதலில் செதுக்கிய உடலை வேண்டாமென்று உடைத்து வேறு மாதிரி ஆரம்பித்திருக்கிறார். பழைய உடலின் கை ஒன்று மட்டும் எதோடும் சேராமல் பக்கத்தில் தனியாக நிற்கிறது. அதை யாரும் வெட்டி எடுத்துச் சிலையை 'முடித்து' வைக்கவில்லை. அதற்காக அந்த ஊர்க்காரர்களை நான் கும்பிடுவேன்.

இனி அந்த ஒரு மாதத்துக் கதைக்கு வருகிறேன்.

எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் வேலை பார்த்தவர். வானொலிக்கு நாடகம் எழுதுவார். தமிழ் நேசன் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் கவிதை வரும். அவர் இறந்த அடுத்த வருஷம் சிலர் சேர்ந்து அவருடைய எழுத்துகளைத் தொகுத்து நூலாக்கினார்கள். என்னிடம் முன்னுரை கேட்டார்கள். கடைசிப் பக்கத்தில் 'இறுதிக் கவிதை' என்று ஒன்று போட்டிருந்தார்கள். அந்தி, பறவை, கூடு, விடைபெறுதல். நான் முன்னுரையில், தன் முடிவை உணர்ந்த ஒரு மனம் எழுதிய வரிகள் இவை என்று எழுதினேன். வெளியீட்டு விழாவில் அந்த இடத்தை வாசித்தபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் அவருடைய மருமகள் வீடு மாற்றுகிறார் என்று உதவிக்குப் போனேன். அலமாரிக்கு மேலே ஒரு சதுர பிஸ்கட் டின். "இதெல்லாம் மாமா கிறுக்கினது, வேணும்னா எடுத்துக்குங்க" என்று கொடுத்தார். உள்ளே மளிகைக்கடையில் கடன் எழுதுகிற 555 நோட்டுகள், மூன்று. அவற்றுக்கு அடியில் பழைய பத்திரிகை நறுக்குகள். நறுக்குகளில் ஒன்று அந்த அந்திக் கவிதை. தேதியோடு இருந்தது: 1974. வாத்தியாருக்கு அப்போது முப்பத்தாறு வயது, கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை பிறந்திருந்த சமயம்.

ஆமாம் தங்கச்சி, முடிவை உணர்ந்த மனம் என்று நான் எழுதியது முப்பத்தாறு வயதுக்காரரைப் பற்றி. தொகுத்தவர்கள் தேதியைப் பார்க்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கடைசியாக என்ன எழுதிக்கொண்டிருந்தார், எங்கே அது என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் டின் அன்றைக்கே இறங்கியிருக்கும். உங்கள் கடிதத்தில் இருக்கும் சிலிர்ப்பு எனக்கும் இருந்தது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

அந்த 555 நோட்டுகளில்தான் அவருடைய கடைசி வேலை இருந்தது. தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்துச் செம்பனை போட்ட பிறகு, நினைவிலிருந்து வீடு வீடாக எழுதியிருக்கிறார். ஒரு லயத்துக்கு ஒரு நோட்டு. தெரியாததை, மலிவு வீடுகளுக்குக் குடிபோன பழைய ஆட்களை மோட்டார் சைக்கிளில் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார். "மூன்றாம் லயம், நாலாம் வீடு. சேலம் பக்கம். வாசலில் முருங்கை. மூத்தவன் சயாம் ரயிலுக்குப் போனான், வரவில்லை. முருங்கை அவன் வைத்தது." சயாம் ரயில் என்றால் ஜப்பான்காரன் காலத்தில் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட ரயில் பாதை. இப்படித்தான் எல்லாம். ஒரு அடைமொழி கிடையாது. வானொலி நாடகத்தில் அவ்வளவு அடுக்கு வசனம் எழுதிய மனிதர்!

சுங்கை சிப்புட் என்றதும் வெளியூர்க்காரர்கள் 1948 ஜூன் 16ஐத்தான் கேட்பார்கள். எல்பில் தோட்டத்திலும் பக்கத்து இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் வந்த கதை. வாத்தியாருக்கு அப்போது பத்து வயது. அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் பலர். நோட்டில் அது இரண்டு வரிதான், அதுவும் எட்டாம் வீட்டுக்காரர் அன்று பயந்து, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகவில்லை என்பதற்காக. தண்ணீர்க் குழாய் எந்த வீட்டுக்கு எதிரே இருந்தது, அதில் காலையில் யார் முதலில் குடம் வைப்பார்கள் என்பதற்கு ஒன்றரைப் பக்கம்.

மூன்றாம் லயத்தில் பன்னிரண்டு வீடு. ஒன்பது வரை வந்திருக்கிறார். பிறகு இந்த வரி:

"பத்தாம் வீடு. ஆயாக்கொட்டகைப் பாட்டி. சொந்தப் பெயர், கேட்க வேண்டும்."

அவ்வளவுதான். அடுத்த பக்கம் வெறும் கோடு. என் வாத்தியார் கடைசியாக எழுதியது இதுதான். அந்தியும் இல்லை, பறவையும் இல்லை. இதை அந்த நூலின் கடைசிப் பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருந்தால், விழாவுக்கு வந்த முந்நூறு பேரில் யாராவது ஒருவர் எழுந்து அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். அன்றைக்கு மூன்றாம் லயத்து ஆட்கள் அரங்கில் இருந்தார்கள். முன்வரிசையில் வேட்டியும் புடவையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போது போய்த் தேடினால் பலர் இல்லை.

விட்ட வேலையை யாரும் தொடவே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்கி 1954 டிசம்பரில் இறந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அப்பாவின் குறிப்புகளை வைத்து முடித்தார். எது அப்பா எழுதியது, எது மகள் எழுதியது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். அது நேர்மையான காரியம். முப்பத்தாறு வயதுக் கவிதையைச் சாவுப் படுக்கையில் கொண்டுபோய் வைப்பது வேறு. அழகான முடிவு வேண்டும் என்ற ஆசையில் நாம் செய்தோம். அந்த ஆசையில்தான் நீங்களும் குறிப்பேடு எழுதுகிறீர்கள்.

போன வாரம், பழைய ஆட்கள் குடிபோன தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், நாலு வீடு ஏறி இறங்கினேன். பாட்டியை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். மரத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே வெற்றிலை இடிப்பார். அதிகாலையில் பெரட்டுக்கு ஓடும் தாய்மார், தூங்குகிற பிள்ளையை அப்படியே அவர் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். வலது புருவத்தில் ஒரு தழும்பு. எல்லாம் சொல்கிறார்கள். பெயர் கேட்டால், "ஆயாக்கொட்டகைப் பாட்டிதானே?" என்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் நிறைய யோசித்து, 'அம்மா'வில் முடியும் பெயர் என்றார். மேற்கொண்டு வரவில்லை.

நீங்கள் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. உங்கள் அம்மா எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்? லிந்தாங் சாலைப் பக்கம் என்றால் அவரிடம் கேளுங்கள். பேரேட்டைப் பார்த்துத் தோட்டத்துக் கணக்கரான கிராணி கூப்பிட்ட பெயர் இருந்திருக்குமே, அது காதில் விழுந்த யாராவது இருப்பார்கள். அம்மாவுக்குத் தெரியாவிட்டால் அவருடைய அக்காமார், அத்தைமார், கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவசரப்படுத்தினால் வராது.

பெயர் கிடைத்தால் அந்த நோட்டில் நான் எழுத மாட்டேன். தனித் தாளில் எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதி என்று போட்டு, டின்னுக்குள் வைப்பேன். பதினொன்றாம் வீட்டுக்கும் பன்னிரண்டாம் வீட்டுக்கும் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.