வலிப்பு நீண்டபின் அடித்த மருந்து ஏன் கேட்கவில்லை?

"தம்பிக்கு வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கச் சொல்லி மிடசோலாம் ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார்கள். போன தடவை தானாக நின்றுவிடும் என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு அடித்தோம், கேட்கவே இல்லை. டோஸ் பத்தவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

காலாவதித் தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆனால் எனக்குச் சந்தேகம் அந்த அரை மணி நேரத்தின் மேல்தான்.

மிடசோலாம் தனியாக எதையும் அடக்குவதில்லை. மூளையில் நியூரான்களை (நரம்பு செல்களை) அமைதிப்படுத்துவது காபா என்ற ரசாயனம். அது செல்லின் மேல் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டியதும் அதன் வாய் திறந்து குளோரைடு அயனி உள்ளே போகும், செல் அடங்கும். அதே ஏற்பியில் இன்னொரு இடத்தில் உட்கார்ந்து, அந்த வாயை அடிக்கடி திறக்க வைப்பதுதான் மிடசோலாமின் வேலை. அப்படியானால் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் இருந்தாக வேண்டும் இல்லையா? வலிப்பு நிற்காமல் ஓடும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், குறிப்பாக அதிலுள்ள டென்டேட் கைரஸ் செல்களில், சினாப்ஸில் (இரு நியூரான்கள் சந்திக்கும் இடத்தில்) இருக்கும் இந்தக் காபா ஏற்பிகளைச் (காபா-ஏ வகை) செல்லே உள்ளே இழுத்துக்கொள்கிறது. மிடசோலாம் உட்காரும் வகைதான் இப்படிப் போகிறது. போதாததற்கு, ஓயாத துடிப்பில் செல்லுக்குள் குளோரைடு சேர்ந்துவிடுவதால் மிச்சமிருக்கும் காபாவின் பிடியும் தளர்கிறது, சில செல்களில் அது தூண்டிவிடவே செய்யலாம். இன்னொரு பக்கம், தூண்டும் வேலை செய்யும் என்எம்டிஏ என்ற வேறு வகை ஏற்பிகள் மேலே வந்து சேர்கின்றன (எதற்கும் அடங்காத வலிப்புக்கு ஐசியூவில் கீட்டமின் தருவது இவற்றை அடைக்கத்தான்).

1997-இல் எலிகளில் செய்த ஆய்வில், 10 நிமிட வலிப்பை நிறுத்திய டயசெபாமைவிட (இதுவும் மிடசோலாம் இனத்து மருந்துதான்) 45 நிமிட வலிப்புக்கு ஏறக்குறைய பத்து மடங்கு தேவைப்பட்டது. மனிதருக்கு அப்படியெல்லாம் கூட்ட முடியாது, மூச்சு மந்தமாகிவிடும். அதனால் வீட்டில் நீங்களாக இன்னொரு டோஸ் அடிக்காதீர்கள், டாக்டர் எழுதித் தந்திருந்தால் மட்டும்.

உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. 2015-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் வகுத்த வரையறையிலும் சிகிச்சை தொடங்க வேண்டிய நேரம் அதுதான், 30 நிமிடம் தாண்டினால் நிரந்தரப் பாதிப்புக்கே வாய்ப்பு உண்டு.

சரி, வீட்டில் என்ன செய்வது? வலிப்பு தொடங்கியதும் ஒருவர் போனில் டைமரைத் தட்டிவிடட்டும், பதற்றத்தில் மனக்கணக்கு உதவாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். டாக்டர் சொன்ன நிமிடத்தில் ஸ்ப்ரே, அப்போதே ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், போன தடவை எத்தனையாவது நிமிடத்தில் அடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லையென்றால் தம்பிக்கு மிடசோலாமே ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டி வேறு மருந்துக்கு மாற்றிவிடக்கூடும்.